மாப்பிள்ளை விட்டுப்போன நாயும் வீட்டுக்காரர் பல்செட்டும்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் சொல்லச் சொல்லக் கீழ்க்கடைத் தையல்காரர் எழுதுவது. இங்கே நான் ஒருமாதிரி நலம். உங்கள் நாய் என்னைவிட நலம். வீட்டுக்காரர்தான் நலமில்லை, அதற்கும் நாய்தான் காரணம் என்கிறார். அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள். நாயை என் தலையில் கட்டிவிட்டுப் போனவர்களுக்குச் சுகத்துக்கு என்ன குறைச்சல்?

விஷயம் இதுதான். மாசக் கடைசிக்குள் ஒன்று நாய் போகணும், இல்லை நான் போகணும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஆகவே உடனே வந்து துரையைக் கூட்டிக்கொண்டு போகவும். துரை என்பது நான் வைத்த பெயர். அந்த மீசையும் தாடியும், சோறு வைத்தால் என்னை ஏற இறங்கப் பார்ப்பதும், வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது?

அதை விட்டுப்போன அன்று செருப்பை மாட்டிக்கொண்டே நீங்கள் சொன்ன சரித்திரம் ஒரு சொல்கூட மறக்கவில்லை. எழுத்துதான் எனக்கு ஏறவில்லை. காதில் ஏறினது இறங்காது. "மாமா, இது சாதாரண நாயில்ல, டெரியர். வளைக்குள்ள போகணும்னே இதோட பாட்டன் பூட்டனையெல்லாம் சின்னதா வளர்த்தாங்க. எலியோ நரியோ, புகுந்து விரட்டும். உள்ள போய் விடாம குரைக்கும், மேல நிக்கிற ஆளுக்கு எங்க தோண்டணும்னு தெரியணுமில்ல" என்றீர்கள். ஆயுசு பூரா மாவு ஆலையில் மூட்டை தூக்கினவன் நான், எலி என்றால் என்னவென்று தெரிந்தவன், இந்த முழ நீளப் பிராணியா பிடிக்கப்போகிறது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். வந்த அன்றே என் பாயைத் தோண்டியது. மறுநாள் தலையணை. மண்ணே இல்லாத மாடி அறையில் அதுதான் என்ன செய்யும் என்று விட்டுவிட்டேன். தெருவில் தன்னைவிடப் பெரிய நாயை எல்லாம் முறைக்கும். அது திருப்பி முறைத்தால் என் கால் நடுவே வந்து நின்றுகொண்டு மறுபடி முறைக்கும்.

இந்த நேரம் பார்த்து வீட்டுக்காரரின் மேல்வரிசைப் பல்செட் காணாமல் போனது. சாப்பிட்டதும் கழற்றி ஜன்னலில் வைத்துவிட்டுத் தூங்குவார். எழுந்து பார்த்தால் இல்லை. துரை வாசலில் உதட்டை நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம், அதுவே சாட்சி. தின்றது வெளியே வந்துதானே ஆகணும் என்று அவர் சட்டம் பேச, தினம் காலையில் நாய் முன்னே, குச்சியோடு நான் பின்னே, எனக்கும் பின்னே குடை பிடித்துக்கொண்டு அவர். தெருவே வேடிக்கை பார்த்தது. பல் வரவில்லை. "ஜீரணம் பண்ணிட்டான்" என்று தீர்ப்புச் சொல்லிக் கெடு வைத்தார்.

நேத்து என்னடான்னா துரையைக் காணோம். தொலைஞ்சது சனி என்று டீ போட்டேன், குடிக்காமலே செருப்பை மாட்டினேன். தேடிப் போனால், வீட்டுக்காரர் கூடத்துப் பலகைத் தரைக்கு அடியில் குரைக்கிறது. படிக்குக் கீழே இருந்த ஓட்டை வழியாகப் புகுந்து, அவர் கட்டிலுக்கு நேர் கீழே போயிருக்கிறது. அவர் காலைத் தூக்கிக்கொண்டு கட்டில்மேல். அப்போதுதான் நீங்கள் சொன்னது உறைத்தது, குரைக்கிற இடத்தில் தோண்டணும். நானும் தையல்காரரும் கட்டிலை அவரோடு சேர்த்து நகர்த்திப் பலகையைப் பெயர்த்தோம். அவர் திட்டினார்தான், பல் இல்லாததால் ஒன்றும் புரியவில்லை, வேலை நிம்மதியாக நடந்தது. உள்ளே மீசையெல்லாம் தூசியோடு துரை, எதிரே எலி கட்டின கூடு, துணிக்கிழிசல், சோப்புத் துண்டு, நடுவிலே சிரித்தபடி மேல்வரிசை. அவர் அதைக் கழுவி மாட்டிக்கொண்டார். முதல் பேச்சே திருத்தமாக வந்தது: "பலகையைப் பேத்ததுக்கு யாருய்யா பொறுப்பு?" கெடு அப்படியேதான் இருக்கிறது. சீக்கிரம் வரவும்.

மகளுக்கு என் ஆசி. உங்கள் இருவர் பல்லும் கடைசிவரை சொந்தப் பல்லாகவே இருக்கட்டும்.

பி.கு.: உறை ஒட்டும் நேரத்தில் வீட்டுக்காரர் மேலே வந்தார். கையில் பிஸ்கட், எனக்கில்லை. வீட்டில் இன்னும் எலி இருக்காம், நாய் இனிமே அவரோட கீழேயே இருக்கட்டுமாம். துரை பிஸ்கட்டைத் தின்னுட்டு என்னைப் பார்த்தது. எனக்கு வந்ததே ஆத்திரம், நாய் என்னுதில்ல, மாப்பிள்ளையுது, அவர் யாருக்கும் தரமாட்டார்னு சொல்லிட்டேன். ஆகவே நீங்க வர வேண்டாம். மாமனாரை விட்டு நாய் ஒரு அடி நகரக்கூடாதுன்னு கடிதம் மட்டும் போடுங்க. கொஞ்சம் கோபமாகவே எழுதுங்க. வீட்டுக்காரரை நிக்க வச்சுத் தையல்காரரைச் சத்தமாப் படிக்கச் சொல்லப்போறேன்.