தப்பு அப்படியே இருக்குமாம், மச்சான்

ஸ்ரீவில்லிபுத்தூர்

ராஜபாளையம் மச்சான் சிக்கந்தர் அவர்களுக்கு, பாத்திரக்கடை பக்கீர் முகமது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உங்கள் தங்கை ஜெய்னப் சுகம், மகள் அஸ்ஃபியா சுகம். நான்தான் சுகமில்லை. போனில் சொன்னால் உங்கள் தங்கை காதில் விழும் என்பதால் கடிதம் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

உங்கள் ஊர் மில் எஞ்சினியர் அனஸின் வீட்டார் வருகிற வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் பெண் பார்க்க வருகிறார்கள். பெண்ணுக்கு என்ன வேலை என்று கட்டாயம் கேட்பார்கள். அதனால் நேற்று அஸ்ஃபியாவிடம் விசாரித்தேன். விசாரிக்காமலே இருந்திருக்கலாம்.

"அத்தா, கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற சிப்புல, செய்யும்போதே சில தப்பு விழுந்துரும். வித்து ஊரெல்லாம் போன பொறவுதான் தெரியவரும். திரும்ப வாங்கவா முடியும்? அதான் கெர்னல்ல நாங்க வழியை மாத்தி எழுதுதோம்."

கெர்னல் என்பது சிப்பை வேலை வாங்கும் மேஸ்திரியாம். கம்ப்யூட்டரைப் போட்டதும், நீ எந்த மாடல் என்று சிப்பிடம் கேட்குமாம். தப்புள்ள மாடல் என்றால் அது தடுமாறும் இடத்துக்கே விடாமல் வேறு வழியில் கூட்டிப் போகுமாம்.

"அப்ப தப்பு?"

"அப்படியே இருக்கும். கொஞ்சம் மெதுவா ஓடும், அம்புட்டுதான்."

மச்சான், இது என்ன வேலை? குடத்தில் ஒரு சின்ன நெளிசல் இருந்தாலும் வாங்குகிறவர் பார்க்குமுன் நானே காட்டிவிடுவேன், அதனால் பாதிப் பேர் அடுத்த கடைக்குப் போவதும் உங்களுக்குத் தெரியும். என் மகள் ஊரான் செய்த பழுதை மூடி மறைத்தா சம்பாதிக்கிறாள்? அந்தச் சம்பளம் ஹலாலா? "மறைக்கல அத்தா, என்னென்ன தப்புன்னு கம்பெனிக்காரனே வெளிய சொல்லிருவான்" என்றாள். யார் படிப்பார்கள் என்று கேட்டேன். "நாங்கதான்" என்றாள்.

இன்று காலை கடைக்குப் போனதும், உள்ளே என்ன பழுதோ என்று பில் போடும் கம்ப்யூட்டரை அணைத்தேன். கையால் பில் போட்டதில் இட்லிச் சட்டி கேட்டவரிடம் அண்டா விலையைச் சொல்ல, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். டீக்கடை மாரிசாமியிடம் மனம்விட்டுச் சொன்னால், "கூரை ஒழுகுனா அடியில வாளி வைக்கிறது ஏமாத்தா, பாய்? போயி யாவாரத்தப் பாரும்" என்கிறார். மத்தியானம் வீட்டுக்கு வந்தால் அஸ்ஃபியாவின் மேசையில் ஒரு கம்ப்யூட்டர் அசைவில்லாமல் நின்றுபோய்க் கிடக்கிறது, பிள்ளை சாப்பிடுகிறாளே, நாமாவது உதவுவோம் என்று பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன், அவ்வளவுதான், ஓடி வந்து தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தத் தப்பு எப்போதாவதுதான் தலைகாட்டுமாம், அதைப் பிடிக்க வாரக்கணக்கில் ஓடவிட்டுக் காத்திருந்தாளாம், இன்றைக்குத்தான் சிக்கியதாம், நான் பிளக்கைப் பிடுங்கியதில் எல்லாம் அழிந்துபோனதாம். ஜெய்னப் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. பழுது வரட்டும் என்று காத்துக்கிடக்கிற வேலையும் உண்டா, மச்சான்?

முன்பு வந்த சம்பந்தங்கள் தட்டிப்போனதற்கும் நான்தான் காரணமாம். பிள்ளை காலையில சீக்கிரம் எந்திரிக்க மாட்டாள்னு சொன்னேன், உள்ளதைத்தானே சொன்னேன்? வெள்ளிக்கிழமை அவிய கேட்டா என் வாய் சும்மா இருக்காது, எல்லாத்தையும் கொட்டிருவேன். இந்த இடமும் போச்சுன்னா எம்பிள்ளை முகத்துல எப்படி முழிப்பேன்? பயமாக இருக்கிறது. ஆகவே எதையாவது சொல்லி அவர்கள் வருகையைத் தள்ளிப்போடவும்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் சலாம். எனக்காகத் துஆச் செய்யவும்.

இப்படிக்கு,
பக்கீர் முகமது

பி.கு.: உறை ஒட்டப் பசை கேட்ட இடத்தில் ஜெய்னப் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். கல்யாண ஆர்டர் இருக்கிறது என்று போன ஞாயிற்றுக்கிழமை என்னைக் கான்சாபுரத்துக்கு அனுப்பினாளே, அன்றைக்கே மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்து, பிடித்து, தேதியும் குறித்தாயிற்றாம். கூட்டி வந்ததே நீங்கள்தானாம். வெள்ளிக்கிழமை யாரும் வரப்போவதில்லையாம், அது எனக்காகச் சொல்லிவைத்த நாளாம்.

"உங்க வாயை இனிமே மாத்தவா முடியும்? அதான் வேற வழியில போனோம்" என்கிறாள். அஸ்ஃபியா கதவோரம் நின்று சிரிப்பை அடக்குகிறாள்.

கோபம் வந்தது, மச்சான். மகள் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

பெண்ணைப் பெற்றவன் நான் ஒப்புக்கொடுக்காமல் நிக்காஹ் நடக்காதல்லவா? ஆலிம்சா கேட்கும்போது சம்மதம் என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் பேசக் கூடாது என்று தாயும் மகளும் சொல்லிவிட்டார்கள். இப்போதே சொல்லிச் சொல்லிப் பழகுகிறேன். அன்றைக்கு நீங்கள் என் பக்கத்தை விட்டு நகராதீர்கள். அதற்கு மேல் வாயைத் திறந்தால் தொடையில் நன்றாகக் கிள்ளிவிடுங்கள்.