ஜோடி அண்ணனின் செருப்புச் சோதனை

அந்தமானில் மழை சொல்லிவிட்டு வந்தது என்றால் நம்புவேன். மெயின்லேண்ட் கப்பல் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது என்றால்கூட, கொஞ்சம் யோசித்துவிட்டு நம்புவேன். ஜோடி அண்ணன் ஒரே மாதிரி இரண்டு செருப்பு போட்டார் என்றால் மட்டும் நம்பவே மாட்டேன்.

வலது காலில் நீலம், இடது காலில் சிவப்பு. இரண்டும் வேறு வேறு கம்பெனி. ஒன்று அறுந்தால் அதை மட்டும் மாற்றுவார். அதனால்தான் போர்ட் பிளேயரின் டெலானிபூர் ஏற்றத்தில் எல்லோருக்கும் அவர் ஜோடி அண்ணன்.

"ஏண்ணே, கல்யாணத்தன்னிக்காவது ஜோடி சேருமா?" என்று சீண்டுவேன்.

"கால் ரெண்டும் என்னுது, போற வழி ஒண்ணு. எந்தக் கம்பெனியா இருந்தா ஒனக்கென்னடா வாலு?"

அந்த ஏற்றத்தில் இன்டர்நெட் கடை வைத்திருந்தார். சுனாமி வந்து போய்ச் சில வருஷங்களுக்குப் பிறகு நடந்த கதை இது. அப்போது நெட் சாட்டிலைட் வழியாக வரும். ஒரு பக்கம் திறப்பதற்குள் சாத்தம் ஜெட்டி வரை போய் டீ குடித்துவிட்டு வரலாம்.

கடையில் இருந்த நல்ல கம்ப்யூட்டர்களில் எல்லாம், அண்ணன் நெட்டிலிருந்து இறக்கிய இலவசப் பிரவுசர். அதில் உலகமே திறக்கும், அரசாங்கத் தளம் மட்டும் திறக்காது. அதற்கு ஒரே ஒரு கம்பெனியின் பிரவுசர் வேண்டும், அதுவும் பழசாக இருக்க வேண்டும். அதற்கென்றே மூலையில் ஒரு கிழட்டு கம்ப்யூட்டர். பெயர் தொரை. சிலோன் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் எங்கள் ஆட்கள் வெள்ளைக்காரத் தொரைக்குக் காத்து நின்ற மாதிரி, நாங்கள் இதன் முன்னால் வரிசையில் நிற்போம்.

"தொரை முழிச்சிட்டாராண்ணே?"

"மெல்லப் பேசுடா. கோவிச்சுக்கிட்டு அணைஞ்சிருவாரு."

அண்ணனுக்கு இதில் தீராத ஆத்திரம். எதிரே யார் வந்தாலும் ஆரம்பித்துவிடுவார். ஒருநாள் மீன்காரரைப் பிடித்துக்கொண்டார். "சர்க்கார் ரோடு போட்டா எல்லா வண்டியும் போகணும். ஒரே கம்பெனி வண்டிதான் போகும்னா அது ரோடா, அவன் வீட்டு ஷெட்டா? சொல்லுங்க பாய்!"

மீன்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மச்சிலி வேணுமா, வேணாமா?" என்றார்.

நானும் சிரித்தவன்தான். செல்வி அக்காவின் அப்ளிகேஷன் வரும் வரை.

அக்காவுக்கு நர்ஸாக வேண்டும் என்று ஆசை. ஒன்பதாம் வகுப்பில் படிப்பும் நானும் இருவர் சம்மதத்தோடு பிரிந்துவிட்டோம். எங்கள் வீட்டில் படித்தது அவள் மட்டும்தான். கச்சால் தீவில் எங்கள் வீட்டை எடுத்துக்கொண்டு போன அலை, அவளுடைய சர்டிபிகேட்டையும் விடவில்லை. போர்ட் பிளேயருக்கு வந்து அலைந்து அலைந்து புதிதாக வாங்கி முடித்தபோது, நர்ஸ் படிப்பு அப்ளிகேஷனுக்குக் கடைசி நாள் வந்துவிட்டது. அரசாங்கத் தளத்தில், ஆன்லைனில் மட்டும்தான் வாங்குவார்களாம்.

காலையில் கடைக்குப் போனால், தொரை செத்துக் கிடந்தார். உப்புக்காற்றில் உள்ளே எல்லாம் துரு. மற்ற கம்ப்யூட்டர்களில், 'உங்கள் பிரவுசர் ஏற்கப்படாது' என்று வந்தது. குட்வில் எஸ்டேட் பகுதியில் இருந்த இன்னொரு நெட் கடைக்கு ஓடினேன். அங்கே எல்லாம் புத்தம் புதுசு, அதே பதில். திரும்பி வந்தால் அக்கா ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜோடி அண்ணன் எழுந்தார். "ஷட்டரை எறக்குடா. அப்ளிகேஷன் வாங்குற ஆபீஸுக்கே போவோம்."

உள்ளே போவார் என்று நினைத்தேன். அவர் வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர்களின் காலைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்.

"பாய்சாப், சப்பல் எந்தக் கம்பெனி?"

"ஏன்?"

"இங்க ஒரே கம்பெனி செருப்புக்குத்தான் அனுமதி. பழசா இருக்கணும்."

"அரே, இது புதுசு!"

"புதுசா? அப்ப உள்ள விடவே முடியாது."

கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் சும்மா இருப்பேனா? "செருப்பே இல்லாதவங்க கப்பலேறி மெயின்லேண்ட் போயிருங்க!" என்று கத்தினேன்.

சத்தம் கேட்டு அதிகாரி மேடம் வந்தார். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், ஹிந்தியும் தமிழும் சேர்ந்தே வரும். "க்யா தமாஷா ஹை? யாரு நீங்க?"

"மேடம், ஒங்க தளம் செய்யிறதைத்தான் நான் வாசல்ல செய்யிறேன். இந்தப் பொண்ணுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள்."

"எங்க தளம் படியா, ஜோரா ஓடுது. வாங்க, நானே காட்டுறேன்."

அவருடைய மேஜையில் புதுக் கம்ப்யூட்டர். அப்போதுதான் பிரித்தது போல, ஓரத்தில் பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டிருந்தது. மேடம் தட்டினார். மின்விசிறி சுற்றியது. பக்கம் மெல்ல மெல்ல இறங்கியது.

'உங்கள் பிரவுசர் ஏற்கப்படாது.'

ஜோடி அண்ணன் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்:

"மேடம் சப்பலும் புதுசு போல."

முதலில் சிரித்தது மேடம்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, யாருக்கோ போன் போட்டு நீளமாகப் பேசினார். அன்றைக்கு வந்த எல்லோரிடமும் அப்ளிகேஷனைக் கையிலேயே வாங்கிக்கொள்ள உத்தரவு வந்தது. அக்காவுடையதில்தான் முதல் சீல் விழுந்தது. மேடம் விடாமல் மேலிடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்க வேண்டும், அடுத்த வருஷம் அந்தத் தளம் எந்தப் பிரவுசரிலும் திறந்தது. தொரையைப் பழைய இரும்புக்குப் போட்டோம்.

செல்வி அக்கா இப்போது நர்ஸ். முதல் சம்பளத்தில் இரண்டு கம்பெனிச் செருப்பு, இரண்டு ஜோடி வாங்கினாள். ஒன்றிலிருந்து வலது, இன்னொன்றிலிருந்து இடது எடுத்து ஜோடி அண்ணனுக்குக் கொடுத்தாள். அவர் போட்டு நடந்து பார்த்துவிட்டு, "இப்பத்தான் சரியான ஜோடி" என்றார்.

மிச்சமான இரண்டும் என் காலில். ஒரு விரல் அளவுக்குப் பெரிசு, ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். ஊரையே கிண்டல் பண்ணுகிற என்னை, ஏற்றத்தில் எல்லோரும் குனிந்து பார்த்துச் சிரிக்கிறார்கள். நான் கொஞ்சம் மெதுவாகவே நடக்கிறேன், நன்றாகப் பார்க்கட்டும் என்று.