நினைவானந்தரின் தட்டில் ஒரு முட்டை

தொண்ணூற்றொன்றில், ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பரத்திலிருந்து பெருங்களத்தூருக்கு ரயில் ஏறியவர்களுக்கு நிற்கக்கூட இடம் கிடைக்காது. எல்லாம் நினைவானந்த சுவாமிகளின் மகிமை. பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. வாசலில் பெரிய எழுத்தில் ‘மறதிக்கு மதம் இல்லை’ என்று எழுதியிருக்கும். உள்ளே எல்லா மதத்துப் படங்களும் வரிசையாகத் தொங்கும். ஒரு கடவுளையும் மறந்துவிடக் கூடாதல்லவா?

சுவாமிகளின் தத்துவம் குழந்தைக்கும் புரியும். மறதி வயதால் வருவதில்லை, நோயாலும் வருவதில்லை. மறதி மோகினி என்று ஒருத்தி உச்சந்தலையில் உட்கார்ந்துகொண்டு, இளநீர் குடிப்பது போல நினைவை உறிஞ்சுகிறாள். தைலம் தடவினால் வழுக்கி விழுந்துவிடுவாள். வழுக்கைத் தலைகளில் மட்டும் அவள் இத்தனை நாள் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கலாமென்று வந்தவர்களும் மறந்திருப்பார்கள்.

கொட்டகையின் மூலையில் குடைகள் மலைபோல் குவிந்து கிடந்தன. மறதி நீங்கி வீட்டுக்குப் போன பக்தர்கள் விட்டுவிட்டுப் போனவை.

எங்கள் வீட்டிலிருந்து மூன்று பேர் போனோம். அக்கா ரத்தினபாய், நான், தம்பி கிருபா. ராஜகீழ்ப்பாக்கத்தில் மூவரும் ஒரே வீட்டில் இருந்தோம். கிருபாவுக்கு இருபத்திரண்டு வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. யாருமில்லாத அறையில் குரல்கள் கேட்டன. மாத்திரை தொடங்கிய பிறகு குரல்கள் அடங்கின. மறதி மட்டும் அடங்கவில்லை. தேநீர் போட அடுப்பில் தண்ணீர் வைப்பான், தூளை எடுக்கப் போகிற வழியில் எதற்கு வந்தோம் என்று நின்றுவிடுவான். இரண்டு வேலை சேர்த்துச் சொன்னால் இரண்டுமே போய்விடும். அதுவும் அந்த நோயில் சேர்ந்ததுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாத்திரை குரலை நிறுத்தும், நினைவைத் திருப்பித் தராது.

எனக்கும் ஒரு பயம் இருந்தது. ஐம்பத்தாறு வயதில், பாடம் நடத்தும்போது வகுப்பில் ஒரு பெண்ணின் பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடும். மணி அடித்து, எல்லோரும் போன பிறகு, ஒன்றும் அறியாததுபோல் வந்து சேரும். தம்பி அடுப்படியில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், நானும் அந்த அடுப்படிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேனோ என்று நினைப்பேன். இதை அக்காவிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கும் சேர்த்துத் தைலம் வாங்கியிருப்பாள்.

“நமக்கப்புறம் இவன யாரு பாப்பா ஜெயசீலி?” இதுதான் அக்காவின் ஒரே கேள்வி. “ஒரு தடவ போய்ட்டு வந்துடலாம். ஆண்டவர் யார் கையால வேணும்னாலும் சொகம் குடுப்பாரு.”

ஆண்டவரின் அன்றைய கை, காவித் துணியில், காதில் கடுக்கனோடு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் சீடர் சிட்டிபாபு, கையில் ஒலிபெருக்கி.

“அல்லாரும் குந்துங்க! தட்டு தர்சனம் ஆரம்பிக்கப் போவுது! கொயந்தைங்க அயக் கூடாது!”

தட்டு தரிசனம் என்பது இதுதான். ஒரு பித்தளைத் தட்டில் எட்டுப் பொருள்கள், மேலே சிவப்புப் பட்டு. பட்டைக் கண்சிமிட்டும் நேரம் தூக்கி மூடுவார்கள். என்னென்ன பார்த்தாய் என்று கேட்பார்கள். பிறகு தைலம், ஏரியை மூன்று சுற்று, புளியோதரை. மத்தியானம் மறுபடி தட்டு. இந்த முறை அதிகம் சொல்லிவிட்டால் மோகினி விழுந்தாள் என்று அர்த்தம். உடனே வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளை மண்குடத்தில் போட வேண்டும். குடம் சாயங்காலம் ஏரிக்குப் போகும். பீர்க்கன்கரணை மீன்கள் கொஞ்ச நாளாகத் தூண்டிலைக் கண்டால்கூடக் கொட்டாவி விடுவதாகக் கேள்வி.

காலைத் தட்டில் கிருபா இரண்டு சொன்னான். “சங்கு. சாவி.”

“மோகினி நன்றாகப் பருத்திருக்கிறாள்,” என்றார் சுவாமிகள். தைலக் குப்பியைத் தேடினார். “எங்கடா வச்சேன்?”

“மடில கீது சாமி,” என்றார் சிட்டிபாபு.

மத்தியானம் பட்டு தூக்கப்பட்டது. கிருபா நெற்றியைச் சுருக்கி, “சங்கு, சாவி, சீப்பு... எலுமிச்சம்பழம்,” என்றான்.

“இரண்டு மடங்கு!” என்றார் சுவாமிகள். கூட்டம் கைதட்டியது. அக்கா அழுதுகொண்டே பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தாள். சிட்டிபாபு குடத்தை நீட்டினார்.

முன்பு ஒருமுறை மாத்திரையை நிறுத்தியபோது கிருபா கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு, சோற்றில் யாரோ விஷம் வைத்ததாகச் சொல்லிச் சாப்பிடாமல் கிடந்தான்.

அதே நேரத்தில் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இந்தத் தட்டை எனக்குத் தெரியும்! எங்கள் சபை மாதர் சங்கத்தில் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஞாபகசக்திப் போட்டி நடத்துவது நான்தான். தட்டு, துணி எல்லாம் இதேதான். போன வருஷம் சோம்பலில் முந்தின வருஷப் பொருள்களையே மறுபடி வைத்துவிட்டேன். லாசரஸ் சார் மனைவி துணியைத் தூக்கும் முன்பே பாதியை எழுதி முடித்திருந்தாள். அவள் தலையில் யாரும் தைலம் தடவவில்லை.

“சுவாமி,” என்றேன், “அக்கா மாத்திரையப் போடறதுக்கு முன்னாடி ஒரு ஆசை. இதுவரைக்கும் குணமானவங்க எல்லாரும் ஒண்ணா நின்னு சொல்லட்டும். தம்பியும் கூடச் சொல்லட்டும். தட்டை நானே ஏந்திட்டு வரேன், எனக்கும் புண்ணியம்.”

புகழ்ச்சிக்கு மயங்காத சாமியார் இனிமேல்தான் பிறக்க வேண்டும். “ஏந்தி வா தாயே,” என்றார்.

குடை மலைக்குப் பின்னால் போய், தட்டிலிருந்த எட்டையும் என் பைக்குள் கவிழ்த்தேன். என் பையில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் தட்டில் வைத்துப் பட்டால் மூடினேன்.

குணமானவர்கள் முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். பட்டைத் தூக்கி மூடினேன்.

“சங்கு! சாவி! சீப்பு! எலுமிச்சம்பழம்! தீப்பெட்டி! குங்குமச்சிமிழ்! ஊக்கு! மணி!” கொட்டகை அதிர்ந்தது. தூணில் சாய்ந்திருந்த ஒரு தாத்தா, தட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே எட்டையும் சொன்னார்.

“எட்டும் சரி!” என்றார் சுவாமிகள், கண்ணைத் திறக்காமலேயே.

கிருபா மட்டும் யோசித்துக்கொண்டிருந்தான்.

“முட்டை,” என்றான்.

கூட்டம் சிரித்தது.

“அவிச்ச முட்டை. அப்புறம் சாக்பீஸ். அப்புறம்... தெரியல.”

“பார்த்தாயா தாயே,” என்று சுவாமிகள் அக்காவிடம் திரும்பினார், “மாத்திரை விஷம் கண்ணை மறைக்கிறது. ஆசிரமத்தில் முட்டையாம்!”

நான் பட்டை எடுத்தேன்.

நடுவில் என் மத்தியானச் சாப்பாட்டு முட்டை. சுற்றிலும் சாக்பீஸ், சிவப்புப் பேனா, நூல்கண்டு, ரயில் டிக்கெட், தலைவலித் தைல டப்பா.

“இன்னா சாமி,” ஒலிபெருக்கியை அணைக்க மறந்திருந்த சிட்டிபாபுவின் குரல் ஏரிக்கு அக்கரைவரை போனது, “தட்ல முட்ட கீது!”

“மோகினி மாற்றிவிட்டாள்!” என்று எழுந்தார் சுவாமிகள்.

“மோகினி இல்ல, ராஜகீழ்ப்பாக்கம் ஜெயசீலி,” என்றேன். “ஒரே தட்டை மறுபடி மறுபடி காட்டினா யாருக்குத்தான் வராது? தைலம் தடவாத சுவரு கூடச் சொல்லும். இப்ப நீங்க சொல்லுங்க சுவாமி, தட்டுல என்னென்ன இருந்துச்சு?” பட்டைப் போட்டு மூடினேன்.

சுவாமிகள் வானத்தைப் பார்த்தார். “முட்டை,” என்றார். பிறகு காதுக் கடுக்கனைத் திருகினார். “...முட்டை.”

“எங்க கிருபா ரெண்டு சொன்னான்,” என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு அங்கே எழுந்த கூச்சலை எழுதினால் அச்சில் வராது. முதலில் கல்யாணத் தேதியை மறந்ததற்குத் தைலம் வாங்கியவர் குப்பியைத் திருப்பிக் கொடுக்க நின்றார், பின்னாலேயே அவர் மனைவி. சுவாமிகள் பின்வழியாக ஏரிக்கரையோடு ஓடினார். செருப்பை மறந்துவிட்டார்.

அக்கா மாத்திரை அட்டையைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். “அப்போ இவனுக்கு ஞாபகம் திரும்பாதா?”

“முழுசாத் திரும்பாது. ஒரு நேரத்துக்கு ஒரு வேலையா சொன்னா செய்வான். நாம அப்படிச் சொல்லிப் பழகணும். நம்ம மறதி வேற, அது வயசு. பேரு லேட்டா வரும், ஆனா வந்துடும்.” அவளுக்குச் சொன்னதில் பாதியை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கிருபா கையை நீட்டினான். “குடுக்கா அத. எனக்கு மறதி இருந்துட்டுப் போகட்டும். அந்தக் குரலுங்க திரும்பி வந்தா அதுங்க தலைல யாரு தைலம் தடவறது?”

அக்கா சிரித்துவிட்டாள். அட்டையை அவனிடமே கொடுத்தாள்.

ரயிலில் பாதி வழியில் மழை பிடித்தது. அப்போதுதான் என் குடை அந்த மலையிலேயே தங்கிவிட்டது தெரிந்தது. மூவரும் நனைந்துகொண்டே வீடு சேர்ந்தோம்.

குடையை மறப்பதற்கு வயதைக் காரணம் சொல்லலாம். கொட்டகை வாசலில் செருப்போடு சேர்த்து மூளையையும் கழற்றி வைக்கிறீர்களே ஐயா, அதற்கு என்ன காரணம் சொல்வீர்கள்? திரும்பும்போது செருப்பை மட்டும் சரியாகத் தேடி மாட்டிக்கொள்கிறீர்களே!