நிற்கத் தெரியாத வண்டி

ஜார்ஜ் டவுன், பினாங்கு
ஸ்ரீமுக வருஷம் ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை

தைப்பிங்கில் ஜவுளிக்கடையும் நல்ல பெயரும் வைத்திருக்கும் என் தம்பி பக்கிரிசாமிக்கு, அக்காள் தையல்நாயகி தண்ணீர்மலையான் துணையென்று எழுதுவது. இவ்விடம் நாங்கள் எல்லோரும் வருகிற திங்கட்கிழமை வரை சுகம். அதற்கப்புறம் சுகமா இல்லையா என்பது உன் கையில் இருக்கிறது. அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் யாரையும் கெஞ்சாமல் நானே எழுதுகிறேன். அவசரத்தில் எழுத்துக் கோணும். அதற்குப் படிப்பைக் குறை சொல்லாதே.

நான் பெற்ற பிள்ளை, உன் மருமகன் மெய்யநாதன் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கிராண்டன் என்று ஒரு மோட்டாரை வாங்கி வந்துவிட்டான். உன் அத்தான் இருந்தவரை இந்த வாசலில் வெல்பியைத் தவிர வேறு மோட்டார் நின்றதுண்டா? ஒன்று தேய்ந்தால் இன்னொரு வெல்பி, அதுவும் தேய்ந்தால் மூன்றாவது வெல்பி. என் பேச்சைக் கேட்டு நீயும் வெல்பிதானே வாங்கினாய்! முதல் வெல்பியைப் பூசைக்குக் கொண்டுபோன அன்று தண்ணீர்மலை அடிவாரத்து மேட்டில் அது முன்னால் ஏறாமல் பின்னாலேயே உருண்டு, பால்காரன் மாட்டைத் துரத்திவிட்டு, பந்தலில் போய் இடித்ததே, அப்போது அவர் என்ன சொன்னார்? "பாத்தியா, சாமிக்கு முதுகு காட்டாம எறங்குது, பக்தியுள்ள வண்டி" என்றார். இரண்டாவது வெல்பி கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் தாண்டினால் ஆசியா பீவி தேநீர்க் கடை வாசலில் நிற்காமல் போனதே இல்லை, அப்படி நின்ற ஒரு நாள் கடையில் உட்கார்ந்து பேசித்தானே நம் பேத்தி புஷ்பவள்ளியின் சம்பந்தமே முடிந்தது! மூன்றாவது வெல்பி கெப்பாலா பத்தாஸ் ரோட்டில் போகும்போது ஒரு சக்கரம் கழன்று எங்களுக்கு முன்னால் ஓடி வயலில் இறங்கியது. அதற்கும் அவர், "பயப்படாதே, முன்னாடி போய் வழி பாக்குது" என்றார். அது நம்மை அறிந்த வண்டி. எங்கே நிற்கும், எதற்கு நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

இந்தக் கிராண்டன் வந்த நாளாக ஓரிடத்திலும் நிற்கவில்லை தம்பி. முன்னால் கம்பியை விட்டுச் சுற்ற வேண்டாமாம், ஒரு பொத்தானைத் தொட்டால் போதுமாம். சத்தமும் இல்லை. திருடன் மாதிரி பின்னால் வந்துவிடுகிறது. "நிக்காம ஓடத்தாம்மா மோட்டாரு வாங்குறது! அந்த வெல்பியத் தள்ளித் தள்ளி என் தோளே எறங்கிப்போச்சு" என்கிறான் உன் மருமகன். "தள்ள ஒரு தோள் இருக்கேன்னு சந்தோசப்படுடா" என்றேன். டிரைவர் சீனி முகம்மது, "பிரேக்கு இருக்குலா, பெரியம்மா. பாருங்க" என்று நிறுத்திக் காட்டினான். "நீ நிறுத்தி நிக்கிறது வேற, அதுவா நிக்கிறது வேற" என்றேன். அவன் துணியை எடுத்துக்கொண்டு கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டான்.

உனக்குத்தான் தெரியுமே. உன் அத்தான் ஆயுசில் ஒரே ஒரு முறைதான் வேறு மோட்டாரில் ஏறினார். தாசேக் கெலுகோரிலிருந்து சிநேகிதர் வண்டியில் எங்கும் நிற்காமல் வந்து இறங்கி, "என்ன சொகம் தையலு, ஒரு எடத்துலயும் நிக்கல" என்றார். மறுநாள் காய்ச்சல். அந்த வாரமே அவரும் எங்கும் நிற்காமல் போய்விட்டார். டாக்டர் ஏதோ மலேரியா என்றார். டாக்டருக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும்?

இப்போது நிறைமாசமாக இருக்கும் புஷ்பவள்ளியைப் பிரசவத்துக்குத் திங்கட்கிழமை இந்த வண்டியில்தான் கூட்டி வரப்போகிறார்களாம். அவள் புகுந்த வீடு இருக்கும் அக்கரையிலிருந்து இந்தத் தீவுக்கு மோட்டாரையே கப்பலில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும் என்பது உனக்குத் தெரியும். நிற்கத் தெரியாத வண்டி ஒரு முனையில் ஏறி மறுமுனையில் கடலில் இறங்கிவிட்டால் என் குலக்கொழுந்துக்கு யார் பதில் சொல்வது? ராத்திரி கண்ணை மூடினால் புஷ்பா ஜன்னல் வழியாகக் கையாட்டிக்கொண்டே தண்ணீருக்குள் போவதுதான் தெரிகிறது. வெல்பி கொட்டகையில்தான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதை மெய்யநாதன் விற்கப் போகிறான். நீ தாய்மாமன். உன் வார்த்தையைத் தட்டமாட்டான். "வெல்பியிலேயே போ" என்று உடனே தந்தியடி.

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். உங்கள் வெல்பி நின்று நின்று நீண்ட காலம் ஓடட்டும்.

இப்படிக்கு,
கதிகலங்கியிருக்கும் அக்காள்
தையல்நாயகி

பின்குறிப்பு: உறையைப் பிரித்து ஆசியா பீவி கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தபால் தப்பிவிடும் என்று சீனி முகம்மது அவசரப்படுத்தியதால் முருகனை நினைத்துக்கொண்டு கிராண்டனில் ஏறினேன். பள்ளிவாசல் தாண்டியதும் என்ன நடந்தது தெரியுமா? வண்டி தானாகவே ஒரு குலுக்குக் குலுக்கி, ஆசியா பீவி கடை வாசலில், அதே இடத்தில், நின்றுவிட்டது! "என்னலா இது, புது கரெத்தா நின்னுபோச்சே!" என்று சீனி முகம்மது தலையில் கை வைத்தான். எனக்கோ போன உயிர் திரும்பி வந்தது. நான் வருவேன் என்று ஆசியா பீவிக்கு எப்படித்தான் தெரிந்ததோ, முன்பு போலவே இரண்டு தம்ளரில் தேநீர் ஆற்றி வைத்திருந்தாள். அவருடையதையும் நானே குடித்தேன். அதற்குள் சீனி முகம்மது குனிந்து எதையோ திருகினான். வண்டி உடனே கிளம்பிற்று. இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். கேட்டால், "ஒன்னுமில்ல பெரியம்மா" என்கிறார்கள். வண்டி மேல் கண் வைக்கிறார்கள் போலிருக்கிறது. வீட்டுக்குப் போனதும் சுற்றிப் போட வேண்டும்.

ஆகையால் தந்தி வேண்டாம். தபால் தலை ஒட்டியாகிவிட்டது, வீணாக்க மனமில்லாமல்தான் இதை அனுப்புகிறேன். திங்கட்கிழமை புஷ்பாவை அழைத்துவர நானே கிராண்டனில் போகிறேன். நீயும் அந்த வெல்பித் தகரத்தைத் தள்ளிவிட்டு ஒரு கிராண்டன் வாங்கு. நம் குடும்பத்தில் இனி வேறு மோட்டாரில் யாரும் ஏறக்கூடாது.