கடைசி அறையில் ஒரு விமானம்

இரவுச் சாப்பாட்டில் கை வைத்த நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. உம்ம்ம் என்று நீளமான ஓர் உறுமல். வீட்டின் கடைசி அறையிலிருந்து வந்தது. வயிறு சரியில்லாத புலி ஒன்று கட்டிலுக்கு அடியில் படுத்து முனகுவது மாதிரி.

மனைவி பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"என்னங்க, கேக்குதா?"

"எது?"

"அந்த ரூம்ல ஏதோ உறுமுது."

லிப்ட் மெக்கானிக்கான கணவருக்குக் கேட்கத்தான் செய்தது. கேட்காமல் என்ன, அதை உறுமவிட்டு வந்தவரே அவர்தான். முந்நூறு பயணிகளை ஏற்றிய விமானத்தைக் கடலுக்கு மேலே அந்தரத்தில் விட்டுவிட்டு, அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் என்ற தைரியத்தில் சாப்பிட வந்திருந்தார். சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டார்.

"காத்தா இருக்கும்."

"ஜன்னல் சாத்தித்தானே இருக்கு. காத்து எப்படி உள்ள வந்துச்சு, சாவி போட்டா?"

"சரி, நான் போய்ப் பாக்கறேன். நீ வராதே. கைல பிள்ளை இருக்கு."

வீரர் எழுந்தார். கையைக் கழுவினார். ஒட்டடைக் கம்பை எடுத்துத் தோளில் சாத்திக்கொண்டார். அறைக்குள் போய் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார். வெளியே மனைவி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவையே பார்த்து நின்றாள். தட்டில் சாப்பாடு ஆறி, காய்ந்து, ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

முக்கால் மணி கழித்து அவர் வெளியே வந்தபோது முகத்தில் களைப்பும் இருந்தது, திருப்தியும் இருந்தது. விமானம் பத்திரமாகத் தரையிறங்கியிருந்தது.

"என்னங்க இருந்துச்சு?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததை விரட்டவா இவ்வளவு நேரம்?"

"ஒண்ணுமில்லைன்னு உறுதி பண்ண வேண்டாமா?"

அவரைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் அவர் பிழைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஊரில் உள்ள லிப்டெல்லாம் அவர் கையில். காலையில் மேலே போவார். மாலையில் கீழே வருவார். நடுவே மாட்டிக்கொண்டவர்களை மீட்டெடுத்து, அவர்களிடமே திட்டு வாங்குவார். பன்னிரண்டு வருஷமாக மேலேயும் கீழேயும் போனாரே தவிர, ஓரடி முன்னால் போனதில்லை. முன்னால் போகிற எதையாவது ஓட்ட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஏக்கம்.

அப்போதுதான் வீடியோ எடுக்கிற நண்பர் ஒருவர், தொழிலை மூட்டை கட்டும்போது, ஒரு பழைய புரொஜெக்டரை இவர் தலையில் கட்டினார். அதன் விசிறி ஓடினால் அரைக்கும் மில் ஓடுவது போலிருக்கும், கதவைச் சாத்தினால்தான் வெளியே கேட்காது. அலுவலக லேப்டாப்பில் விமானம் ஓட்டும் விளையாட்டை ஏற்றினார். அலமாரியின் அடித்தட்டில் கிடந்த வெள்ளைப் படுக்கைவிரிப்பைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். பொத்தானை அமுக்கினார். எட்டடி அகலத்துக்கு ஆகாயம் வந்து நின்றது. மனுஷர் அன்றைக்கே கேப்டனாகிவிட்டார்.

இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். அது ஏழு மாதக் குழந்தை. வீட்டில் அதன் பெயர் மகாராணி.

மகாராணி தோளில் தூங்குவாள். தொட்டிலில் விழிப்பாள். தோளுக்கும் தொட்டிலுக்கும் நடுவே இருக்கிற ஒன்றரை முழத்தில் அவளுக்கு எல்லாச் சதியும் தெரிந்துவிடும். அதனால் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். ஒரு ராத்திரி அம்மா தோள், மறு ராத்திரி அப்பா தோள். கேப்டனான மறுநாளே அப்பா ஒப்பந்தத்தை உடைத்தார்.

"புது மாடல் லிப்ட் வருது. கம்பெனியில ராத்திரிப் பயிற்சி வெச்சிருக்காங்க. கம்ப்யூட்டர்லயே நடக்கும்."

"எத்தனை நாளுங்க?"

"அது மாடலைப் பொறுத்து."

அன்றிலிருந்து எல்லா ராத்திரியும் அம்மா தோள்தான். கூடத்தில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடப்பாள். இரவில் பிள்ளையோடு தனியாக நடக்கிறபோது வீடு வேறு வீடாகிவிடும். பகலில் நாற்காலியாக இருந்தது, இரவில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆளாகத் தெரியும். காய்கிற துணி கையை ஆட்டும். குழாய் சொட்டுவது யாரோ எண்ணிக்கொண்டிருப்பது போலிருக்கும். இவ்வளவுக்கும் மேலே இப்போது கடைசி அறையில் ஒரு புலி. அவள் கேட்டதெல்லாம் ஒரே ஒரு முழு ராத்திரித் தூக்கம். புடவை கேட்கவில்லை. நகை கேட்கவில்லை.

அடுத்த நாளும் உறுமல் கேட்டது. இந்த முறை அவர் பதிலோடு தயாராக இருந்தார்.

"அதுவா? பயிற்சி ஓடுது. லிப்ட் சத்தம்."

"லிப்ட் இப்படியா கத்தும்?"

"நூறு மாடி லிப்ட்."

"நேத்து ஒண்ணுமில்லைன்னீங்க."

"நேத்து கரண்ட் இல்லாம தானா ஓடியிருக்கு." சொன்ன பிறகுதான் அந்த வாக்கியத்தில் இருந்த ஓட்டை அவருக்கே தெரிந்தது. கேப்டன் அவசரமாக அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

மனைவி அன்றைக்கு அந்தக் கதவுக்கு வெளியே பிள்ளையோடு வெகுநேரம் நின்றாள். உள்ளே இருந்தவருக்கு அது தெரியாது. அவர் அப்போது மலைகளுக்கு மேலே பறந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அவள் காப்பியை நீட்டும்போதே பேச்சை எடுத்தாள்.

"நம்ம படுக்கை ரூம் தாழ்ப்பாள் ஒரு வருஷமா நகரலைங்க. பெயின்ட்ல ஒட்டிக்கிட்டு கிடக்கு. ஊருக்கெல்லாம் கதவு திறந்துவிடறீங்க, நம்ம வீட்டுக் கதவை மூட முடியலை."

"இப்ப எதுக்கு அவசரம்?"

"ராத்திரியில பயமா இருக்குங்க. உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா நிம்மதியா இருப்பேன்."

மெக்கானிக் மனத்தில் ஒரு கணக்கு ஓடியது. இவள் உள்ளே தாழிட்டுக்கொண்டால் கூடத்தில் நடமாட்டம் இருக்காது. கேள்வி கேட்க ஆள் இருக்காது. காப்பியைக் கூட முடிக்காமல் கருவிப்பெட்டியைத் தூக்கினார். பெயின்ட்டைச் சுரண்டினார். துருவைத் தேய்த்தார். லிப்ட் கதவுக்குப் போடுகிற உயர்ந்த எண்ணெயையே போட்டார். ஒரு வருஷ வேலை காப்பி ஆறுவதற்குள் முடிந்தது.

"ஒரு விரலால தள்ளிப் பாரு."

அவள் ஒரு விரலால் தள்ளினாள். தாழ்ப்பாள் சத்தமே இல்லாமல் போய் உட்கார்ந்தது.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க," என்றாள்.

ஏழு மாதமாகக் கேட்காத அந்த இனிமையான குரலைக் கேட்டதும் அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. முதுகில் தட்டிக்கொடுத்தால் படுகுழியைக்கூடப் பாராட்டு மேடை என்று நினைக்கிற ஜாதி அவர்.

அன்று இரவு பெரிய பயணம். கடல் தாண்டிப் போக வேண்டும். விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பி, சக்கரத்தை உள்ளே இழுத்து, மேகத்துக்குள் நுழைந்த சமயம் கதவு தட்டப்பட்டது.

"யாரு?"

"இந்த வீட்டில உங்களைத் தவிர கை நீட்டித் தட்டத் தெரிஞ்சது நான் ஒருத்திதான்."

"பயிற்சி நடக்குதும்மா."

"பிள்ளை அழுவுது."

அழுகை கதவைத் துளைத்துக்கொண்டு வந்தது. அவர் கதவை ஒரு விரற்கடை திறந்தார். அவள் முழங்கையால் மீதியைத் திறந்துகொண்டாள். உள்ளே வந்தாள். எட்டடி ஆகாயத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"நூறு மாடி லிப்டுக்கு இறக்கை வெச்சிருக்காங்களா?"

மெக்கானிக் இரண்டு கையையும் விரித்து ஆகாயத்தை மறைக்கப் பார்த்தார்.

"அதென்னங்க, கடல் நடுவில?"

"தீவு," என்றார் மெதுவாக. கொஞ்சம் தைரியம் வந்ததும், "அதுதான் புரியலை. எந்தப் பக்கம் போனாலும் கூடவே வருது. மேப்ல தேடினேன், காணோம். நானும் ரெண்டு வாரமா அதைச் சுத்திக்கிட்டுத்தான் போறேன்," என்றார்.

அவள் கிட்டே போய் அந்தத் தீவை விரலால் தொட்டாள்.

"இது தீவில்லைங்க. இது உங்க மக. மூணாவது மாசத்துல இந்த விரிப்புல பண்ணி வெச்சது. எத்தனை தடவை துவைச்சும் போகலைன்னுதான் அலமாரிக்கு அடியில போட்டேன்."

இரண்டு வாரமாக முந்நூறு பயணிகளோடு எதைச் சுற்றி மரியாதையாக வளைந்து போனோம் என்று கேப்டனுக்கு அப்போதுதான் விளங்கியது. இனி இடி விழும், மழை பெய்யும் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார்.

எதுவும் விழவில்லை. அப்புறம்தான் கவனித்தார். அழுகை நின்றிருந்தது. மகாராணி அந்த உறுமலைக் கேட்டபடி, ஆகாயத்தைப் பார்த்தபடி, அம்மா தோளில் கண் சொருகிக்கொண்டிருந்தாள்.

மூழ்குகிறவர் கையில் கட்டையே வந்து மாட்டியது.

"பாத்தியா," என்றார். "நான் எதுக்காக இதை வாங்கினேன்னு நினைச்சே?"

"எதுக்காகங்க?"

"பிள்ளை தூங்கறதுக்காகத்தான். உனக்கு ஆச்சரியமா இருக்கட்டுமேன்னு சொல்லாம வெச்சிருந்தேன்."

"அப்படியா. நான்தான் தப்பா நினைச்சுட்டேன்." குரலில் தேன் ஒழுகியது. "எவ்வளவு தூரங்க போகும் உங்க விமானம்?"

"இதா? நிறுத்தாம விடியற வரைக்கும் போகும்."

"நடுவில பைலட் எழுந்து வந்துட மாட்டாரே?"

"எப்படி வருவான்? முந்நூறு உயிர்."

"கதவைத் தட்டினா?"

"யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. பைலட் இருக்கிற அறையை உள்பக்கம் பூட்டித்தான் வெச்சிருப்பாங்க. சட்டம் அப்படி."

"நல்ல சட்டம்," என்றாள் அவள், குழந்தையை அவர் இடது தோளுக்கு மாற்றியபடி. தன் தோளில் தொங்கிய பையைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"இதென்ன?"

"பயணியோட லக்கேஜ். பால் பாட்டில், மாத்துத் துணி, தொப்பி. நடுவழியில நனைச்சுட்டா சிவப்புப் பையில இருக்கறதைப் போடுங்க."

"இரு, இரு. நான் இதை நிறுத்திட்டு வந்து பேசறேன்."

அவர் பொத்தானை அமுக்கினார். உறுமல் நின்றது. ஆகாயம் அணைந்தது. இருட்டில் முதலில் ஒரு விசும்பல். பிறகு ஊரைக் கூட்டும் சங்கு. மெக்கானிக் அலறியடித்துக்கொண்டு எல்லாவற்றையும் திரும்ப ஓடவிட்டார். விமானம் எழும்பியது. சங்கு அடங்கியது.

"இறங்கவே விடமாட்டா போலிருக்கே."

"ஆமாங்க, விடமாட்டா. நேத்தே பாத்தேன். உங்க பயிற்சி நடந்த வரைக்கும் என் தோள்ல அசையாம தூங்கினா. நீங்க நிறுத்தினதும் கண்ணைத் திறந்துட்டா."

"நேத்தே தெரியுமா?"

"கதவுக்கு வெளியிலதானே நின்னேன். காலைல தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டீங்களே, அதுக்கு முன்னாலயே தெரியும்."

சொல்லிவிட்டு அவள் போனாள். கொட்டாவி ஒன்று அவளுக்குப் பின்னாலேயே கூடத்தைக் கடந்து போயிற்று.

அவர் விட்டுவிடுவாரா? விமானத்தைத் தானாகப் போகவிட்டார். சத்தத்தை இன்னும் கூட்டினார். மகாராணி தோளில் கனக்க, அடிமேல் அடி வைத்துப் படுக்கை அறை வாசலுக்கு வந்து சேர்ந்தார். கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளே விளக்கு இல்லை.

"இந்தாம்மா," என்றார் கிசுகிசுப்பாக. "கொஞ்ச நேரம் மட்டும் மாத்திக்கலாம். தோள் வலிக்குது."

"யாருங்க அது?"

"நான்தான்."

"நீங்களா? நீங்க கடலுக்கு மேலதானே இருக்கீங்க. முந்நூறு உயிரை யாரை நம்பி விட்டுட்டு வந்தீங்க?"

"விளையாடாதே."

"நான் விளையாடலைங்க. நீங்கதான் விளையாடினீங்க."

அவர் கதவைத் தள்ளக் கையை நீட்டினார். தோளில் மகாராணி நெளிந்தாள். நீட்டிய கை அவள் முதுகைத் தட்டிக்கொடுக்கப் போய்விட்டது. கடைசி அறையில் விமானம் அவரைத் தேடி உறுமிக்கொண்டிருந்தது.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. உள்ளே ஒரு விரல் அசைந்திருக்க வேண்டும். கிறீச்சென்ற முனகல் இல்லை, இழுபறி இல்லை. அவரே சுரண்டி, அவரே தேய்த்து, அவரே எண்ணெய் போட்ட தாழ்ப்பாள், ஒரு குறையும் சொல்ல முடியாதபடி, வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.