பேச மாட்டேன் என்ற நெட்வொர்க் கார்டு

கம்ப்யூட்டர் படித்த பெண் ஒரு வீட்டில் இருந்தால், அங்கே மிக்ஸி ஓடாததற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் அந்தப் பாவப்பட்ட ஜென்மம் நான்.

சென்னையில் வேலை கிடைத்திருந்தது. அனுப்ப மாட்டேன் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். வீட்டை ஒட்டிய அவருடைய பேண்டேஜ் துணிப் பட்டறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரும், யாரோ அவர் தலையில் கட்டிய அதைவிடப் பழைய லேப்டாப்பும் இருந்தன.

"ஏட்டி, மொதல்ல இந்த ரெண்டு பெட்டியையும் ஒண்ணோட ஒண்ணு பேச வையி. பொறவு மெட்ராஸைப் பத்திப் பேசு. இல்லைன்னா சுந்தரபாண்டியத்துலருந்து பொண்ணு பாக்க வாராக."

"இதெல்லாம் ஒரு வேலையாப்பா?" என்றேன். (அந்த வாயை அன்றே தைத்திருக்க வேண்டும்.)

பத்திரிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து இரண்டிலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஏற்றினேன். லேப்டாப்பின் பக்கவாட்டில் செருக, சீட்டுக்கட்டுச் சீட்டு அளவில் ஒரு நெட்வொர்க் கார்டு. அதன் முனையில், அடுத்த கம்ப்யூட்டரோடு இணைக்க ஒரு குட்டி ஒயர். அதற்குள் ஆயுத பூஜை வந்துவிட்டது. தறி, தராசு, வேன் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். "புது மிசினுக்கும் ஒண்ணு விடாம வையிட்டி" என்றார் அப்பா. நானும் பயபக்தியோடு கார்டைத் தனியாக, ஒயரைத் தனியாகக் கழற்றி இரண்டுக்கும் சந்தனம் வைத்தேன்.

மறுநாள் எல்லாவற்றையும் மாட்டினேன். கார்டு இருக்கிறது என்றது லினக்ஸ். கார்டை இயக்கும் டிரைவர் புரோகிராமும் ஏறியது. ஆனால் அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டால் பதிலே இல்லை. லினக்ஸின் இதயமான கெர்னலையே திரும்பக் கம்பைல் செய்து புதிதாக உருவாக்கினேன். அதற்கு ஒரு பகல் முழுக்கப் போகும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிரவுசிங் சென்டருக்குப் போய், முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர்களிடம் மெயிலில் அழுதேன். 'கையேட்டைப் படி' என்று பதில் வந்தது. படித்தேன். படித்துவிட்டும் அழுதேன்.

"பேசுதா?" என்று அப்பா எட்டிப் பார்ப்பார்.

"இல்லப்பா."

"பக்கத்துல போனாலே எம்புட்டு வாசம்! மிசினுக்குள்ள சாமி இருக்கு" என்பாள் அம்மா.

பெண் பார்க்கும் நாளும் வந்து தொலைத்தது. அம்மா பஜ்ஜிக்கு மாவு கரைக்க, நான் பட்டுப்புடவையோடு கீபோர்டு முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். இனி என் வாழ்க்கை அவ்வளவுதான். ஆத்திரத்தில் ஒயரைப் பிடுங்கினேன். புடவையில் மஞ்சளாக ஏதோ தூள் உதிர்ந்தது. ஒயர் செருகும் துளை முழுக்கக் காய்ந்த சந்தனம்! சாட்சாத் நானே வைத்தது.

புடவை ஊக்கைக் கழற்றிக் குடைந்தேன். ஊதினேன். செருகினேன். திரையில் வரிவரியாகப் பதில் வந்தது.

நான் போட்ட சத்தத்தில் அப்பா ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "போகாதன்னு சாமியே அடைச்சிருக்குட்டி."

மாவுக் கையோடு அம்மா வந்தாள்.

"சாமி அடைச்சதையே இவ ஊக்கை வச்சுக் குடைஞ்சு தொறந்துட்டா. நீங்க எம்மாத்திரம்? வாரவுகளுக்குப் பஜ்ஜியைக் குடுத்து அனுப்பிருவோம்."

சென்னைக்குப் போனேன். இன்றைக்கும் எங்கள் வீட்டில் எது மக்கர் செய்தாலும், "சந்தனம் இருக்கான்னு பாரு" என்பதுதான் முதல் வைத்தியம். போன வருஷம் காது மந்தமாகிவிட்டது என்று அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் டார்ச் அடித்துக் காதுக்குள் பார்க்கும்போது அப்பா சொன்னார்: "சந்தனம் இருந்தாச் சொல்லுங்க சார். எம்மக ஊக்கோட வந்திருக்கா."