கயிற்றுருண்டைக்குள் என்ன?

துளைக்கருவி மூன்றடி உள்ளே போனதும் 'டங்' என்றது.

கில்பி ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. இரண்டாள் உயரமுள்ள அந்தக் கயிற்றுருண்டைக்குள் கயிற்றைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் 'உலகிலேயே பெரியது' என்ற பட்டம் போச்சு. பட்டம் போனால் நெடுஞ்சாலையில் நிற்கும் பலகையும் போச்சு. பலகை இல்லாவிட்டால் அமெரிக்காவின் கான்சஸில் இப்படி ஓர் ஊர் இருப்பதை எந்தக் கார்க்காரன் கண்டான்?

"அது என்ன சத்தம்?" என்றாள் மிஸ் பிரிட்சர்ட். சாதனைப் புத்தகத்துக்காக உருண்டையைத் துளைத்து அளக்க வந்தவள்.

"ஆணியா இருக்கும் மேடம்," என்றார் மெர்ல். உருண்டையின் காவலர் அவர்தான். "எங்கப்பா 1953ல ஆரம்பிச்சது. வைக்கோல் கட்டுன கயித்த வீணாக்க மனசு வராம சுத்திக்கிட்டே இருப்பாரு. நீங்க அந்தப் பக்கம் போட்டுப் பாருங்க."

அந்தப் பக்கமும் 'டங்'.

"ரெண்டு ஆணியா மெர்ல்?" என்றார் வென்டல், வாய் நிறைய ஆப்பிள் பலகாரத்தோடு. ஆர்ன்ட் என்ற போட்டி ஊரின் உருண்டைக்காரர், விதிப்படி சாட்சியாக வந்திருந்தார். அவர்கள் உருண்டை ஓரங்குலம்தான் சின்னது.

"நீ தின்னுக்கிட்டே இரு, பேசாத," என்று அவர் வாயை அடைத்தாள் மெர்லுடைய மனைவி ஆர்லீன். பலகாரம் அவள் கடையுடையது. பிறகு புருஷன் காதில், "ஒரு கொக்கியை விட்டு அந்தச் சனியன வெளிய இழுத்துடு," என்றாள்.

மெர்ல் கொக்கியை விட்டு இழுத்தார். சனியன் வரவில்லை. நாற்பது சுற்றுக் கயிறு வந்தது. உருண்டை ஒரு பக்கமாகச் சாய்ந்து தொந்தி தள்ளியது.

"ஐயோ, முட்டுக் கொடுங்கப்பா!"

நாலு பேர் தோள் கொடுத்தார்கள். மறு பக்கமும் சரிந்தது.

மெர்லுக்கு அழுகையே வந்துவிட்டது. முப்பது வருஷமாக அப்பா கதையைச் சுற்றுலாக்காரர்களுக்கு ஒப்பித்திருக்கிறார். ஆனாலும், வெட்கத்தை விட்டுச் சொன்னால், அழுகையைவிட ஆவல்தான் பெரிதாக இருந்தது. அப்பா உள்ளே எதைத்தான் வைத்தார்?

"பிரிச்சே பாத்துடலாம் மேடம்! எங்கப்பா ஏமாத்துற ஆள் இல்ல. பாத்துட்டுத் திரும்பச் சுத்திடுறோம்."

"பைத்தியமா உனக்கு?" என்றாள் ஆர்லீன். சொல்லிவிட்டு அவளே நுனியைத் தேடிப் பிடித்தாள். அவளுக்கும் தெரிந்தாக வேண்டுமே!

நுனியை ஒரு டிரக்கில் கட்டி ஓட்டினார்கள். கயிறு கடைத்தெரு முழுக்க ஓடியது, தேவாலயத்தைச் சுற்றியது, தபால் வண்டியைத் தபால்காரரோடு சேர்த்துக் கட்டிப்போட்டது. அவர் உள்ளேயிருந்தபடியே பந்தயம் கட்டினார்.

"பால் கேன்தான். பத்து டாலர்!"

"போய்யா, துணி துவைக்கிற மெஷின்!"

சாயங்காலத்துக்குள் உலகிலேயே பெரிய உருண்டை ஒரு கழுதை உயரத்துக்கு இளைத்துவிட்டது. கடைசிச் சுற்றும் கழன்றதும் கூட்டம் முண்டியடித்து எட்டிப் பார்த்தது.

உள்ளே இன்னோர் உருண்டை. அதைச் சுற்றி இரும்புப் பட்டை. பட்டையில் ஒரு தகடு.

மிஸ் பிரிட்சர்ட் துருவைத் துடைத்துவிட்டு உரக்கப் படித்தாள்: "உலகிலேயே பெரிய கயிற்றுருண்டை. ஆர்ன்ட் ஊர் மக்கள், 1952."

மெர்ல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ எங்கப்பா... திருடிட்டு வந்து, மேல சுத்தியிருக்காரா?"

"அடப்பாவி மாமனாரே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் ஆர்லீன். "சமையல் ரூம்ல அவரு படத்தை வேற மாட்டி வெச்சிருக்கேனே!"

மிஸ் பிரிட்சர்ட் குறிப்பேட்டில் கில்பியின் பெயரைக் கோடு போட்டு அடித்தாள். "பட்டம் ஆர்ன்ட்டுக்குத்தான். வாழ்த்துகள் வென்டல். நாளைக்குக் காலைல உங்க உருண்டையையும் ஒரு தடவை துளைச்சுப் பாத்துட்டு எழுதிடுறேன்."

வென்டலின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

"அதை மட்டும் துளைச்சுடாதீங்க மேடம்... அதுக்கு நடுவுல கில்பி ஊர்த் தகட்டோட ஓர் உருண்டை இருக்குன்னு எங்கப்பா சாகும்போது சொல்லிட்டுத்தான் போனாரு."